ரத்தத்தில் இல்லாதது

வருவாவ. வராம எங்க போவாவ. கோவில்பட்டி தாண்டியாச்சுன்னு போன்ல சொன்னாவளாம். என் வீட்டுக்காரவ கில்பர்ட்தான் பேசினாவ, நான் பேசல, எனக்கென்ன பேச்சு இருக்கு ரோமால்ட் அத்தான்ட்ட, இத்தனை வருஷமா கோயில்ல பார்த்தாலும் கல்யாண வீட்டுல பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனவதான நான், இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வாங்க அத்தான், வந்து ரத்தம் கொடுங்கன்னு கேப்பேன். அதான் இவ்வோ கேட்டாவ. சொந்த மாமா மகன், எனக்குன்னு பேசி வச்சு, கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கப் போற நேரத்துல வேண்டாம்னுட்டுப் போன ஆளு, அவ்வோட்டப் போய் என் புருஷன் கெஞ்சணும். சேசுவே, இது என்ன விளையாட்டு. மதுரை வெயில் ஜன்னல் வழியா வந்து காலைச் சுடுது, வயித்துத் தையல் சுள்ளுன்னு இழுக்குது, இந்தப் பிளாஸ்டிக் சேர்ல ஒருக்களிச்சும் உக்கார முடியல, எந்திரிச்சா தலை சுத்துது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீல லைட்டுக்கு அடியில என் பிள்ளை கண்ணுல வெள்ளைத்துணி கட்டிக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சுப் போட்டுக் கிடக்கான். அந்த நீலத்துல ஒண்ணும் தெரியாது. சிஸ்டர் குதிகாலுல குத்தி ரத்தம் எடுக்கும்போது லைட்டை அணைப்பாங்க பாருங்க, அப்பதான் தெரியும், ஐயோ, மஞ்சக்கிழங்கை அரைச்சு அப்பினமாதிரி, கண்ணு முழி கூட மஞ்சள். காலையில இருந்ததுக்கு இப்ப ஏறியிருக்கு. இன்னும் ஏறினா மூளைக்குப் போயிரும், போனா காது போகலாம், கை கால் விறைச்சுக்கலாம், ஆளே போயிரலாம்னு பெரிய டாக்டர் நின்ன வாக்குல சொல்லிட்டுப் போயிட்டாரு. உடம்புல உள்ள ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வேற ரத்தம் ஏத்தணும். ஓ நெகட்டிவ். இங்க இருந்தது நேத்து ஒரு ஆக்சிடெண்ட் கேசுக்குப் போயிட்டுதாம். கில்பர்ட் கீழ போனைக் காதுல வச்சுக்கிட்டு வெயில்ல நிக்காவ, இன்னும் யார் யாருக்கோ அடிச்சுப் பாக்காவ, பாவம்.

என் ரத்தத்தை எடுங்க சிஸ்டர், நானும் ஓ நெகட்டிவ்தான்னு கையை நீட்டினேன். பாக்கியம் சிஸ்டர் என் கையைப் பிடிச்சு மடியில வச்சுட்டு, உங்க ரத்தம்தாம்மா அவனை இப்படிப் பண்ணுதுன்னு சொன்னாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல, நல்ல பொம்பளை, காலையில எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்ததே அவங்கதான். ஆனா அந்தச் சொல்லு உள்ள போய் உக்காந்துக்கிட்டுது. நான் சுமந்த பிள்ளைக்கு நானே விஷமா. அவனுக்கு அவன் அப்பா மாதிரி பாசிட்டிவ். எனக்கு அது இல்ல. போன வருஷம் ஒண்ணு தங்கி, மூணாம் மாசமே கலைஞ்சு போச்சே, யாரும் அதைப் பிள்ளைன்னே எண்ணல, வெளிய சொல்லாதன்னு வாயை அடைச்சாவ, அந்தப் பிள்ளையோட ரத்தம் ஒரு துளி எனக்குள்ள கலந்திருக்கு. யாருடா இது வீட்டுக்குள்ள வந்து நிக்கதுன்னு என் உடம்பு அன்னைக்கே ஆயுதம் செஞ்சு வச்சுக்கிட்டுது. அப்பவே ஒரு ஊசி போட்டிருந்தா ஆயுதமே வந்திருக்காதாம். ஒரு ஊசி. யாருக்குத் தெரியும், யாரு சொன்னா. ஊரே மறந்த பிள்ளையை என் ரத்தம் மட்டும் மறக்காம வச்சிருந்து, அடுத்து வந்தவன் மேல காட்டுது. நான் என்ன செய்வேன், என் உள்ளுக்குள்ள நடக்கதை நிறுத்துன்னு யார்ட்டப் போய்ச் சொல்லுவேன். பைய மூச்சு விடு ஜெனோ, மூச்சு விட்டாக்கூடத் தையல் இழுக்குது.

வயித்துல இவன் இருக்கும்போதே ஏழாம் மாசத்துல டெஸ்ட் பண்ணிட்டு டாக்டரம்மா முகத்தைச் சுருக்கினாவ, அன்னையில இருந்து நான் போனைக் கீழ வைக்கல. ஷிப்பிங் ஆபீசுல பில் அடிக்கிற கையி, ராத்திரி பகல்னு இல்லாம இதையே தேடித் தேடிப் படிச்சுது. எங்கயிருந்துதான் வந்துது இந்தச் சவத்து ரத்தம். ஆர்.ஹெச்னா ரீசஸ்னு ஒரு குரங்கோட பேராம். அந்தக் குரங்கை வச்சு ஆராய்ச்சி பண்ணப்போ கண்டுபிடிச்சதாம். கபிரியேல் சித்தப்பாட்ட சொன்னேன், அப்ப உனக்கு நெகட்டிவ்னா உன்கிட்ட குரங்குப் புத்தி கிடையாது, எங்களுக்கெல்லாம் இருக்குன்னு விழுந்து விழுந்து சிரிச்சாவ. அப்புறம் அவ்வோளே, இல்ல ஜெனோ, இது போர்ச்சுகீசுக்காரன் ரத்தம்லா, நாம ரொட்ரிகோன்னுலா பேரு வச்சிருக்கோம்னு நெஞ்சை நிமித்தினாவ. பாரு கூத்தை. ஞானஸ்நானத்துல தண்ணியை ஊத்திப் பேரைக் கொடுத்துட்டுப் போனான் அவன், ரத்தமா கொடுத்தான். சித்தப்பா கண்ணாடியில மூஞ்சியைப் பார்த்ததே கிடையாது போல. மறுவாரம் வாட்ஸப்புல ஒண்ணு அனுப்பினாவ, நெகட்டிவ் ரத்தம் உள்ளவங்க எல்லாம் வேற கிரகத்துல இருந்து வந்தவங்களாம், உடம்புச் சூடு கம்மியாம், பறவை பேசுதது கேக்குமாம். கேட்டா நல்லாத்தான் இருக்கும். இந்த ஜன்னல்ல ஒரு புறா உக்காந்து காலையில இருந்து கத்துது, ஒரு எழவும் எனக்கு விளங்கல. பஸ் திருமங்கலம் வந்திருக்குமா.

நிஜம் என்னன்னா, ஒண்ணும் வந்து சேரல, ரத்தத்துல இருந்த ஒண்ணு காணாமப் போச்சு, அவ்வளவுதான். மனுஷக் குரங்குகளுக்கும் அது இருக்காம், எல்லாருக்கும் உள்ளதாம், ஆதியில எவனுக்கோ எவளுக்கோ பிறக்கும்போதே அந்த ஒரு துண்டு மட்டும் விட்டுப்போச்சு. சட்டையில ஒரு பட்டன் இல்லாம தச்சமாதிரி. சட்டை என்னமோ நல்லாத்தான் இருக்கு, போட்டுக்கிட்டு நடமாடலாம். அந்த முதல் ஆளுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. ஒரு பக்கம் இல்லாட்டியும் மறுபக்கம் இருக்கும்லா, அப்பா வழியில ஒண்ணு அம்மா வழியில ஒண்ணு. ரெண்டு பக்கமும் இல்லாம ஒரு பிள்ளை பொறக்கணும்னா, அந்த முதல் ஆளோட பேரப்பிள்ளைகளுக்குள்ளயே கட்டியிருக்கணும். அத்தை மகளும் மாமன் மகனும். அட, நம்மளைப் போலன்னு நினைச்சேன் படிச்ச அன்னைக்கு. ஏதோ ஒரு சின்னக் கூட்டம், கடலோரமோ மலையோரமோ, வெளியாளே கிடையாது, உள்ளுக்குள்ளயே கொடுத்து எடுத்துக்கிட்டு இருந்திருக்கும். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவுல மலைப்பக்கம் பாஸ்க்னு ஒரு கூட்டமாம், அவங்கள்ல ரொம்பப் பேருக்கு இந்த ரத்தம்தானாம். நம்ம பக்கம் நூத்துல அஞ்சாறு பேரு. சரி, நான் கேக்கேன், பிள்ளையைக் கொல்லுத ரத்தம் எப்படி இத்தனை காலம் அழியாமக் கிடந்துது. என்னைப் போல ஒருத்திக்கு அது இருக்கிறவன் ஒருத்தன் புருஷனா வந்தா பிள்ளை சாகுது, செத்தா அந்த ரத்தம் குறையணும், குறைஞ்சு குறைஞ்சு ஒழிஞ்சே போயிருக்கணும். ஒழியலயே. ஏன் ஒழியலன்னு படிச்சவங்களுக்கும் தெரியலயாம். கூட்டம் சின்னதா இருந்ததால தற்செயலாப் பெருகிட்டுதுங்கான் ஒருத்தன். ஒரு பக்கம் இருந்து ஒரு பக்கம் இல்லாதவங்களைப் பூனை வழியா வர ஒரு கிருமி அவ்வளவா ஒண்ணும் செய்யாது, அதனால தப்பிச்சாங்கங்கான் இன்னொருத்தன். எவனும் அடிச்சுச் சொல்லல. இருக்கலாம், இருக்கலாம்னே எழுதுதான். கண்ணாடிக்கு உள்ள என் பிள்ளை கிடக்கான், இவனுவளுக்கு இருக்கலாமாம்.

ஆனா ஒண்ணு மண்டைக்குள்ள கிடந்து குடையுது. அந்தச் சின்னக் கூட்டத்துல, ரெண்டு பேருக்குமே இல்லைன்னா பிள்ளைக்கும் இல்ல, பிள்ளைக்கு இல்லைன்னா தாய்க்கும் பிள்ளைக்கும் சண்டையே கிடையாது. ஒண்ணுபோல உள்ளதுக ஒண்ணுபோல பெத்து வளர்த்திருக்கும். ஒருநாள் வெளிய இருந்து ஒருத்தன் வந்திருப்பான், நல்லவனாத்தான் இருந்திருப்பான், கில்பர்ட் மாதிரி, ஒருத்தி அவன் பின்னால போயிருப்பா. முதல் பிள்ளை பொழைச்சிருக்கும். அடுத்தது மஞ்சளாகிப் போயிருக்கும், அதுக்கடுத்ததும் மஞ்சளாகி. அவளை என்ன சொல்லியிருப்பாவ. பேயி, பிள்ளையத் தின்னின்னு சொல்லியிருப்பாவ, கிட்ட வராதன்னு இருப்பாவ. எங்க அத்தையச் சொல்லலயா. ரோமால்ட் அத்தானைப் பெத்த எங்க அத்தையைத்தான் சொல்லுதேன், மாமா பொண்டாட்டி. மூத்தவரு ரோமால்ட் நல்லாப் பொறந்தாவ. அப்புறம் ஒண்ணு எனக்குப் போலவே கலைஞ்சுதாம், அதுக்கப்புறம் மூணு. மூணும் மஞ்சள். ஒண்ணுக்குப் பேரு வைக்கக்கூட நேரம் இல்லாம, குருவானவர் வாரதுக்குள்ள மருத்துவச்சியே தலையில தண்ணி ஊத்திச் சின்ன ஞானஸ்நானம் கொடுத்தாளாம். யாரோ செய்வினை வச்சிட்டான்னு மாமா உவரி கோயில் வரைக்கும் போயி நேர்ச்சை கொடுத்துட்டு வந்தாவ. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமா மூணு சின்னச் சிலுவை, சின்னதுலயிருந்தே எனக்குத் தெரியும், நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொளுத்தப் போவோம். ரோமால்ட் அத்தான்தான் காத்துல அணையாம ரெண்டு கையையும் குவிச்சு வச்சுக்கிட்டு நிப்பாவ, மூணும் கரைஞ்சு தீருத மட்டும் அசைய மாட்டாவ, நான் வாங்க அத்தான் போவோம்னு சட்டையைப் பிடிச்சு இழுப்பேன்.

அந்த மனுஷன்தான் என்னை வேண்டாம்னாவ. அதுவும் எப்போ. சொந்தத்துல கட்டுதோம்னு ஆயர் வீட்டுல, பிஷப்ட்ட அனுமதி கேட்டு எழுதிப் போட்டு, அங்க இருந்து சரின்னு வந்து, அடுத்த ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிக்கப் போறாவ, நான் சேலை கூட எடுத்தாச்சு. ஆயரே சரின்னுட்டாவ, இந்த ராசா வேண்டாம்னுட்டாரு. வாசல்ல நின்னுக்கிட்டு, உள்ள கூட வரல, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம் ஜெனோ, வேண்டாம், நீ வெளிய கட்டிக்கோன்னாவ. அவ்வளவுதான். எங்கம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாவ, நான் அழல, உங்க ரத்தத்தை நீங்களே வச்சுக் கொண்டாடுங்கன்னு கதவைச் சாத்தினேன். ஒரே ரத்தமாம். ஊரு உலகத்துல எவன்தான் மாமன் மகளைக் கட்டல. வேற எவளோ இருக்கா, சொல்லத் தைரியமில்லாம ரத்தத்தைச் சொல்லுதாவன்னுதான் நினைச்சேன். வருஷம் போச்சு. எவளும் வரல. ஹார்பர்ல கிரேன் ஓட்டிக்கிட்டு, தனியாச் சமைச்சுத் தின்னுக்கிட்டு, அத்தை சாகும்போது கூடக் கேட்டாவளாம் ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோயேம்ல மக்கான்னு. மாட்டேன்னுட்டாவ. திமிரு பிடிச்ச ஆளுன்னு நான் என் வீட்டுல இருந்து கறுவுவேன். இன்னைக்கும் வரட்டும், கேக்கேன் ஒரு கேள்வி. அத்தான், நீங்க வேண்டாம்னு சொன்ன ரத்தம்தான் இன்னைக்கு எனக்கு வேணும்னு. ரெண்டு பேருக்கும் நெகட்டிவ்னா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, நீங்க ஒதுக்கி விட்டதாலதான் என் பிள்ளை அந்தக் கண்ணாடிக்குள்ள கிடக்கான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கேன்.

கேப்பேன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன், எங்க இருந்தோ அந்த கேம்ப் ஞாபகம் வந்து நிக்குது. கோயில் மண்டபத்துல ரத்ததான கேம்ப். ஓலை வாசிக்கறதுக்கு முந்தின வாரம்தானே அது. ஆமா, அதே வாரம்தான். ரெண்டு பேருக்கும் விரல்ல குத்திப் பார்த்துட்டு ஓ நெகட்டிவ், ஓ நெகட்டிவ்னு கார்டு கொடுத்தாவ, பொருத்தம் பார்த்தாச்சுடேன்னு பயலுவ விசில் அடிச்சானுவ, நான் வெக்கப்பட்டுக்கிட்டே பிஸ்கட்டையும் ஜூஸையும் ஒரு கை பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு டாக்டர் மைக்ல பேசினாரு. நெகட்டிவ் ரத்தம் உள்ள தாய்மார்களுக்கு முதல் பிள்ளைக்கு அப்புறம் பொறக்கிற பிள்ளைங்க மஞ்சளாகிச் சாகலாம்னு. அந்த இடத்துல அத்தான் எந்திரிச்சாவ. எங்க போறீயன்னு கேட்டேன், பாதிப் பேச்சுல வெளிய போயிட்டாவ. புருஷனுக்குப் பாசிட்டிவா இருந்தாத்தான் அப்படின்னு மிச்சத்தையும் அந்த டாக்டர் சொல்லியிருப்பாருலா. கேக்க ஆளு அங்க இல்ல. நானும் கேக்கல, பிஸ்கட்டுல இருந்தேன். வெளிய போனவரு எங்க போனாவ. அன்னைக்குப் பொழுது சாஞ்சு எங்க வாசலுக்கு வரும்போது கை நிறைய மெழுகு ஒட்டியிருந்துது, என்ன இதுன்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னு வேட்டியில துடைச்சாவ. மாதாவே. மெழுகு. அது நவம்பர் மாசமே இல்லையே. மூணு சிலுவைக்கும் போயிருக்காவ. அம்மாவுக்கு இந்த ரத்தம், தம்பிமாரும் தங்கச்சியும் செத்தாவ, எனக்கும் இந்த ரத்தம், இவளுக்கும் இந்த ரத்தம், ரெண்டு நெகட்டிவும் சேர்ந்தா எத்தனை சிலுவைன்னு அந்த மண்ணுல நின்னு கணக்குப் போட்டிருக்காவ. போட்டுட்டுத்தான் வாசல்ல வந்து வெளிய கட்டிக்கோன்னாவ. நான் நல்லா இருக்கணும்னு சொன்னதா அது. நான் பிள்ளைகுட்டியோட இருக்கணும்னா. அட மனுஷா, அரைகுறையாக் கேட்டுட்டு, ஒருத்தர்ட்ட ஒரு வார்த்தை விசாரிக்காம, உன் வாழ்க்கையையும் சேர்த்துல்லா அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்க. ஆம்பளைக்கு நெகட்டிவ் இருந்தா யாருக்கும் எந்தத் தொந்தரவும் கிடையாதே. எனக்குக் கோவம் வருதா அழுகை வருதான்னே தெரியல, வயிறு குலுங்கித் தையல் எரியுது, பாக்கியம் சிஸ்டர் ஓடி வந்து தண்ணி கொடுக்காங்க.

தண்ணி கொடுத்துட்டு, வாரவர் யாரும்மா, உங்களுக்குச் சொந்தமான்னு கேட்டாங்க. ஏன்னேன். சொந்தக்காரங்கன்னா முன்னாடியே சொல்லிடணும், ரொம்ப ஒத்துப்போற ரத்தம்னா பச்சப்பிள்ளை உடம்புக்கு அது வேத்தாளுன்னு தெரியாது, நம்ம ஆளுதானேன்னு உள்ள விட்டுரும், உள்ள போய் உக்காந்துக்கிட்டு அது பிள்ளை உடம்பையே அழிக்க ஆரம்பிச்சிரும், எல்லாருக்கும் வராது, வந்தா தப்பிக்கிறது கஷ்டம்னாங்க. அதுக்கு அடுத்த கட்டடத்துல ஒரு மெஷின் இருக்காம், அதுல வச்சுக் கதிர் காட்டி எடுத்துட்டா பயமில்லையாம், கொஞ்ச நேரம் ஆகும் அவ்வளவுதான்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. ஒத்துப்போகலன்னாலும் சாவு, ஒத்துப்போனாலும் சாவு, ஒரு பிள்ளை பொழைக்கணும்னா எந்தக் கதவு வழியாத்தான் வரணும். சிரிக்காதீங்கம்மா, தையல் பிரிஞ்சிரும்னு திட்டிட்டுப் போனாங்க.

வந்துட்டாவ. கில்பர்ட் கூட்டிக்கிட்டு வாராவ. காதோரம் நரைச்சுப் போச்சு, ஹார்பர் உடுப்போட அப்படியே பஸ் ஏறியிருக்காவ, டீசல் வாசம். என்னைப் பார்த்தாவ, பார்த்துட்டு முதல்ல கண்ணாடிக்குள்ளதான் எட்டிப் பார்த்தாவ. நீல லைட்டையே பார்த்துக்கிட்டு நின்னாவ. ரெண்டு கையும் தானா குவிஞ்சு நெஞ்சுக்கு நேரா வந்துது, காத்துல மெழுகுவத்தியை மறைக்கிற மாதிரியே. "ரொம்ப மஞ்சளா ஜெனோ"ன்னு கேட்டாவ. "ஆமா அத்தான்." பிளட் பேங்க் கீழ் மாடியில, வேண்டாம்னு சொல்லச் சொல்லச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நானும் இறங்கினேன். அங்க இருந்த தம்பி எடை பார்த்து, விரல்ல குத்திப் பார்த்து, "ஓ நெகட்டிவ்தான், நல்லாருக்கு. குழந்தைக்கு என்ன உறவு?"ன்னு கேட்டாப்ல. அத்தான் கில்பர்ட்டை ஒரு பார்வை பார்த்தாவ. பார்த்துட்டு, "உறவெல்லாம் இல்ல தம்பி, ஊர்க்காரன்"னாவ. கில்பர்ட் தரையைப் பார்த்தாவ. எல்லாம் எனக்காகத்தான். இப்பவும் எனக்காக வாசல்லயே நிக்காவ. அந்தத் தம்பி சரின்னு தலையை ஆட்டிட்டு ஊசியை எடுக்கப் போயிட்டாப்ல. பேசாம இருந்தா சீக்கிரம் முடியும், மெஷினுக்குப் போக வேண்டாம், மேல அவனுக்கு ஏறிக்கிட்டே இருக்கு. பேசாம இருக்கவா. வாயி என்னைக் கேக்கல. "சொந்தம்தான் தம்பி"ன்னு கத்திட்டேன், கதவு வரைக்கும் கேட்டிருக்கும். "என் சொந்த மாமா மகன். என் அத்தான். ஒரே ரத்தம். மெஷின்ல வச்சு எடுத்தே கொடுங்க." கில்பர்ட் என் தோளைப் பிடிச்சுக்கிட்டாவ. அத்தான் கட்டில்ல ஏறிப் படுத்தாவ.

ரத்தம் இறங்குது. கையில ஒரு ரப்பர் பந்து கொடுத்து அமுக்கிக்கிட்டே இருக்கச் சொல்லியிருக்கு. பை கீழ தொட்டில் மாதிரி ஆடி ஆடி நிறையுது. கில்பர்ட் மெஷின் கட்டடத்துக்குச் சொல்லி வைக்கப் போயிட்டாவ. நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். அத்தான் மேல ஃபேனைப் பார்த்துக்கிட்டே கேட்டாவ, "உன் வீட்டுக்காரருக்கும் நம்ம ரத்தம்தானாட்டி? அதான் பிள்ளைக்கு இப்படியா?" ஆமான்னு சொல்லிரலாமா. வேண்டாம். அப்படி ஒரு பொய்யைச் சொன்னா இந்த மனுஷன் செஞ்சது சரின்னு நிம்மதியா ஊருக்குப் போவாவ. போயி தனியாச் சமைச்சுத் தின்பாவ, நம்ம ரத்தம் பிள்ளையக் கொல்லும்னே கட்டையில போவாவ. "இல்ல அத்தான். அவ்வோளுக்குப் பாசிட்டிவ். அதனாலதான் இப்படி." பந்தை அமுக்கிக்கிட்டு இருந்த கை நின்னுட்டுது. அப்புறம் ரொம்ப மெதுவா, "அப்ப ரெண்டு பேருக்கும் நெகட்டிவ்னா"ன்னாவ. "ஒண்ணும் ஆகாது அத்தான்." அத்தான் கண்ணோரமா இறங்கினது காதுக்குள்ள போச்சு, துடைக்க ஒரு கையிலதான் ஊசி இருக்கே, மத்தக் கையையும் தூக்கல. பை ஆடுறது குறைஞ்சு மெஷின் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது. அந்தத் தம்பி தூரத்துல இருந்து, "சார், நிறுத்தாதீங்க, ரத்தம் நின்னுரும்"னு சத்தம் கொடுத்தாப்ல. நான் குனிஞ்சு அந்த விரல்களைப் பந்தோட சேர்த்து மூடினேன். டீசல் வாசம் அடிக்கிற கை, கிரேன் பிடிச்சுக் காய்ச்சுப்போன கை.

"அமுக்குங்க அத்தான், பிள்ளை காத்துக்கிட்டு இருக்கான்"னேன். அமுக்கினாவ.